தட்டில் ஓர் அரசமரம்

ஆம்பூரிலோ வேலூரிலோ பழைய சுவரின் விரிசலில் அரசங்கன்று ஒன்று முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காக்கை தின்ற பழத்தின் விதை எச்சத்தோடு விழுந்து முளைத்தது அது. ஒரு கைப்பிடி மண்கூட இல்லை; ஆனாலும் சாகாமல், முழ உயரத்தைத் தாண்டாமல் நிற்கும்.

சீனாவில் தோன்றி ஜப்பானில் செழித்த போன்சாய்க் கலையின் இரகசியமும் இதுதான். போன்சாய் என்றால் தட்டில் நட்டது என்று பொருள். மரம் தனிச் சாதி அல்ல. தரையில் நட்டால் அதுவே பெருமரமாகிவிடும்.

மழை நாளில் சுவர் நன்றாக ஊறியதும் அந்தக் கன்றை மெல்லப் பிடுங்குங்கள். (சுவருக்கும் நல்லது!) அடியில் துளையுள்ள தட்டையான மண்தொட்டியில் செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நடுங்கள். வேர் பிடித்த பிறகு நுனிமொட்டைக் கிள்ளுங்கள். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் பொருள்தான் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருந்தது. அது குறைந்ததும் பக்கமொட்டுகள் விழித்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத் தொடக்கத்தில், பருத்த வேர்களை நறுக்கினால் உறிஞ்சு வேர்கள் பெருகும்.

மற்றபடி, காத்திருக்க வேண்டும். நான் முதலில் வளர்த்த கன்றை, வேர் பிடித்ததா என்று நாள்தோறும் தோண்டிப் பார்த்தே கொன்றேன்! அடுத்ததைத் தொடாமல் விட்டேன். ஒருநாள் காலையில் மொட்டு பிரிந்து, தாமிர நிறத்தில் வாலோடு ஓர் இலை விரிந்திருந்தது. அன்று பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் ஒரு போன்சாய்ப் பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் பேணப்பட்டு வரும் மரம் இது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் இருந்து தப்பியது. 1976இல் அவர்கள் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். எத்தனை தலைமுறைகள் தவறாமல் நீர் ஊற்றியிருக்க வேண்டும்!

ஆனால் எந்த நீர்? நம் பகுதியில் இந்தக் கேள்வி முக்கியமானது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடுமுன் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் சேர்கிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் அது நீங்குவதில்லை. பல்லாண்டுகளாகப் பாலாற்றுக் கரையின் பல கிணறுகள் உப்பேறிப் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996இல் தீர்ப்பு வந்தது.

தட்டுத்தொட்டியில் ஊற்றும் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் அதுதான். மண்நீரில் உப்பு மிகுந்தால், சவ்வூடு பரவல் விதிப்படி, வேர் நீரை இழுக்கத் திணறும். மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தால் வாடும்; இலை நுனி கருகும். பெருமரம் பல ஆண்டுகள் தாங்கக்கூடியதைத் தட்டுமரம் சில மாதங்களில் காட்டிவிடும்.

நீங்களே சோதிக்கலாம். ஒரே வயதுள்ள இரண்டு கன்றுகளை நடுங்கள். ஒன்றுக்குச் சேமித்த மழைநீர், மற்றதற்கு உங்கள் கிணற்று நீர். அளவு ஒன்றாக இருக்கட்டும். வாரந்தோறும் இலை நுனிகளைப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். ஒரு மாதத்தில் எதுவும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், ஓராண்டாவது பாருங்கள். மழை வந்தால் கிணற்று நீர்த் தொட்டியை மட்டும் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.