ஆங்கிலப் பாடமும் தமிழ் எழுத்தும்: வட்டுக்கோட்டை முதல் திருநெல்வேலி வரை

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை ஆராய்வோர் ஆங்கிலக் கல்வியைப் பற்றி இருவேறு முடிபுகளைக் கூறுவதுண்டு. அஃது உத்தியோகத்துக்கு ஏணியாக அமைந்து, கற்றோரைத் தமிழிலிருந்து பிரித்தது என்பது ஒன்று. தமிழில் உரைநடையும் பத்திரிகையும் பதிப்புக்கலையும் வளர்ச்சியுறுதற்கு அதுவே துணை நின்றது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உள. ஆயின் ஒரே கல்வி இருவேறு பயன்களை விளைவித்தது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இவ்விரு கூற்றுக்களும் விடை தருவனவல்ல. கல்லூரியில் ஆங்கிலம் பயிலும் மாணவன் எந்நிலையில் தேர்ந்த வாசகனாகவும் எழுத்தாளனாகவும் வளர்கின்றான், எந்நிலையில் சான்றிதழ் பெற்றவனாக மாத்திரம் நின்றுவிடுகின்றான் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருளாகும். இதன்பொருட்டுக் குடாநாட்டிலிருந்தே இரு களங்களை எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட்டுக்கோட்டைச் செமினரி. மற்றையது திருநெல்வேலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்.

செமினரியின் பாடமுறை

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். உயர்கல்வி அளித்தற்பொருட்டு 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய கல்லூரியே பின்னர் செமினரி எனப் பெயர்பெற்றது. டானியல் பூவர் அதன் முதல் அதிபராவார். ஆங்கில இலக்கணம், கணிதம், அளவைநூல், இயற்கைத் தத்துவம், வானவியல் ஆகியன ஆங்கில வாயிலாகக் கற்பிக்கப்பட்டன. தமிழும் வடமொழியும் உடன் பயிலப்பட்டன. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற், 1850இல் வெளியிட்ட தமது நூலில் இக்கல்லூரியின் தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பவைத்துப் பாராட்டியுள்ளார்.

மிசனரிமாரின் நோக்கம் சமயம் பரப்புதலே என்பதில் ஐயமில்லை. உபகாரம் செய்த அமெரிக்கரின் பெயர்களை மாணவர்க்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களே இதற்குச் சான்று. பெயரையே மாற்ற முனைந்த ஒரு கல்வியிலிருந்து தமிழுக்கு ஆக்கம் விளைந்தமை முரணாகத் தோன்றலாம். அம்முரணுக்கு விளக்கம் அந்நோக்கத்தினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. ஊர்மக்களிடம் செல்லவேண்டியவன் ஆங்கிலத்திற் கற்றதைத் தமிழிற் சொல்லல் வேண்டும். ஆகவே செமினரி மாணவனுக்கு ஆங்கில வாசிப்பு ஆங்கிலத்தோடு முடிந்துவிடவில்லை. வாசித்ததன் பொருளைத் தன்மொழிக்குக் கொண்டுவரும் கடமை அவனைத் தொடர்ந்து நின்றது.

இக்கடமை வாசிப்பை ஆழப்படுத்துவதாகும். ஒரு வாக்கியத்தை மேலோட்டமாகப் படித்து விளங்கியதாக எண்ணிக் கடந்துவிடலாம். அதனை வேறொரு மொழியிற் சொல்லப் புகுவோன் அங்ஙனம் கடத்தல் இயலாது. எழுவாய் யாது, காரணம் எது, காரியம் எது, எச்சொல்லுக்கு எச்சொல் நேராகும் என்பவற்றையெல்லாம் அவன் தீர்மானித்தே ஆகவேண்டும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் 'நியாய இலக்கணம்' (1850), கறல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' (1855) ஆகியன இத்தகைய பயிற்சியின் பயனாய் எழுந்த தமிழ் நூல்கள். அளவைநூலையும் அட்சரகணிதத்தையும் தமிழ் உரைநடையில் விளக்குதற்கு அன்று ஆயத்தமான நடை இருந்ததில்லை; எழுதினோரே அதனை ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீனும் அவர்தம் மாணவரும் மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது இப்பணி மேலும் விரிவடைந்தது. தமிழிலும் வடமொழியிலும் சொற்களைத் தேடி, கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயையுமாறு அவர்கள் எழுதினர்.

எழுதுவோனுக்கு ஒரு வாசகர் கூட்டம்

எழுதும் பயிற்சி மாத்திரம் எழுத்தாளனை ஆக்கிவிடாது. எழுதியதை ஆசிரியர் ஒருவர் திருத்திப் புள்ளியிடுவதோடு நின்றுவிடின் மாணவன் அவ்வாசிரியருக்காகவே எழுதக் கற்றுக்கொள்வான். செமினரியிற் பயின்றோர்க்கு வாய்த்த பேறு யாதெனில், வகுப்பறைக்கு வெளியே அச்சகமும் பத்திரிகையும் அவர்களுக்குக் கிட்டியமையாகும். 1841 தை மாதத்தில் தமிழும் ஆங்கிலமுமாக வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் செமினரி மாணவரே. இப்பத்திரிகையிற் சைவரும் கிறித்தவரும் கடிதங்கள் வாயிலாக வாதிட்டனர். தன் கூற்றை மறுக்கக் காத்திருக்கும் வாசகன் ஒருவனை முன்னிறுத்தி எழுதும்பொழுது, சான்று காட்டுதலும் சொல்லை அளந்து வழங்குதலும் எழுதுவோனுக்கு இன்றியமையாதனவாகின்றன.

இவ்விடத்தில் ஆறுமுக நாவலரை (1822–1879) நினைவுகூர்தல் பொருந்தும். அவர் செமினரி மாணவரல்லர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் கடமையாற்றியவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபின், அவ்வனுபவம் முழுவதையும் மிசனரிமாருக்கு எதிரான பணியிற் செலுத்தினார். அவர்தம் தெளிந்த உரைநடையும், பாலபாட வரிசையும், நிறுத்தக்குறிகளைப் பேணி அச்சிட்ட முறையும் இதனை உணர்த்தும். கற்பித்தோர் கருதிய பயனும் கற்றோர் எய்திய பயனும் ஒன்றாக இருத்தல் வேண்டுமென்னும் நியதி இல்லை.

தாமோதரம்பிள்ளையின் சான்று

இவ்வளர்ச்சியின் உச்சநிலையைச் சி. வை. தாமோதரம்பிள்ளையிடம் (1832–1901) காண்கின்றோம். சிறுப்பிட்டியிற் பிறந்த அவர் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கியோர் அவரும் கறல் விசுவநாதபிள்ளையுமே. 'வீரசோழியம்' (1881), 'தொல்காப்பியப் பொருளதிகாரம்' (1885), 'கலித்தொகை' (1887) ஆகியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த அவர்தம் பதிப்புரைகள் சிறப்பாக நோக்கத்தக்கன. ஏடுகள் சிதைந்தழியும் நிலையை எடுத்துரைத்தல், பிரதிகளை ஒப்புநோக்குதல், காலத்தைப் பற்றிய கருத்தைக் காரணங்காட்டி நிறுவுதல், பிறர் கண்டனத்துக்கு நேர்நின்று விடையிறுத்தல் என்பன அவற்றிற் பயில்கின்றன.

இவையனைத்தையும் ஆங்கிலக் கல்வியின் கொடையெனக் கூறுதல் மிகையாகும். கவிராயரிடம் பெற்ற தமிழ்ப் புலமை இன்றேல் ஏட்டைப் படித்தறியவே இயன்றிராது. அங்ஙனமே, மரபுவழிப் புலமை ஒன்றே போதுமாயின் அப்பதிப்புரைகளின் வாதமுறை அவ்வடிவில் அமைந்திருக்குமா என்பதும் ஐயத்துக்குரியதே. இரு கல்விகளும் ஒருவரிடத்தே சந்தித்தமையே இங்கு முக்கியம். பிற்காலத்தில் நானூற்றுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைப் 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) எனத் தொகுத்த ஆணல்ட் சதாசிவம்பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஏணியாக மாறிய கல்வி

செமினரி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்க மிசன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழுவினர், ஆங்கிலக் கல்வி மாணவரை அரசாங்க உத்தியோகத்துக்கே இட்டுச் செல்கின்றது என்றும் ஊழியத்துக்குத் தாய்மொழிக் கல்வியே உகந்தது என்றும் கருதினர். அவர்தம் கணிப்பில் உண்மை இருந்தது. ஆயின் அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் இரு மொழிகளையும் பிரித்துவிடுதலாயிற்று. ஆங்கிலத்தை ஊரார் விட்டாரல்லர். அதே வளவில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. நாவலரும் சைவப் பிள்ளைகளுக்கென 1872இல் ஆங்கிலப் பாடசாலையொன்றைத் தொடங்க நேர்ந்தமை இவ்வேட்கையின் வலிமையைக் காட்டுகின்றது.

வகுப்பறையின் ஓரத்தில் எழுதப்பட்டவை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. 1960களிற் கலைத்துறைப் பல்கலைக்கழகக் கல்வி தமிழிலும் சிங்களத்திலும் நிகழலாயிற்று. ஆங்கிலம் கற்பிக்கும் மொழியாயிருந்த நிலை மாறி, ஒரு பாடமாக ஒடுங்கியது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், 1984 முதல் பத்தாண்டுகள் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா தம் மாணவரின் ஆங்கில வகுப்பையே ஆய்வுக்களமாக்கினார். அவர் 1999இல் வெளியிட்ட நூல் இத்துறையில் உலகறிந்ததாகும்.

அம்மாணவர் ஆங்கிலத்தை விரும்பியே வகுப்புக்கு வந்தனர். ஆயின் அமெரிக்க வாழ்வைச் சித்திரிக்கும் பாடநூல் அவர்களை ஈர்க்கவில்லை. உரையாடலிலும் கூடிக் கற்றலிலும் நாட்டங்கொள்ளாது, பரீட்சைக்கு உதவும் இலக்கண விதிகளையே வேண்டினர். வகுப்புக்கு வருவோர் தொகையும் நாளடைவிற் குறைந்தது. போரும் தட்டுப்பாடும் சூழ்ந்த காலம் அது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இலேயே எரியூட்டப்பட்டிருந்தது. எனினும் கனகராஜாவின் கண்ணுக்குப் புலப்பட்ட மற்றொரு செய்தி உண்டு. மாணவர் தம் பாடநூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தனர். அந்நிய மாந்தரின் படங்கள் தமிழ்க்கோலம் பூண்டன. திரைப்படப் பாடல்களும் அரசியற் கருத்துக்களும் பாடங்களுக்கு அருகே இடம்பெற்றன.

இதனை விளையாட்டென ஒதுக்குதல் தகாது என்பதே நம் கருத்து. வாசித்த பகுதியைத் தம் வாழ்வோடு ஒட்டியும் வெட்டியும் நோக்கிய வாசகரின் எழுத்து அது. 'உதயதாரகை'க்கு மறுப்புக் கடிதம் எழுதியோரின் ஊக்கமும் இவ்வோரக் குறிப்புக்களை எழுதியோரின் ஊக்கமும் ஓரினத்தனவே. முன்னையோர்க்கு அச்சும் வாசகரும் வாய்த்தன. பின்னையோர்க்குப் பக்கத்தின் ஓரமே வாய்த்தது.

முடிபு

இரு களங்களையும் ஒப்புநோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. தாய்மொழியில் ஆழ்ந்த வாசிப்பு உடையானுக்கே பிறமொழிப் பாடம் முழுப்பயன் தரும். கற்பதை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொணரும் பயிற்சி வாசிப்பையும் எழுத்தையும் ஒருங்கே வளர்க்கும். மறுமொழி கூறும் வாசகர் இருப்பின் எழுத்து முதிர்ச்சி பெறும். இம்மூன்றும் இல்லாவிடத்து ஆங்கிலப் பாடம் பரீட்சைக்குரிய பொருளாகச் சுருங்கும்.

நம் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பாடமும் தமிழ்த்துறையும் தனித்தனி வீடுகளாக இயங்குதல் இந்நோக்கிற் பெருங்குறையாகும். ஆங்கில வகுப்பில் மாணவன் படிக்கும் கட்டுரையொன்றைத் தமிழில் எழுதுவித்து, மாணவர் சஞ்சிகைகளில் வெளியிட்டு, அதற்கு மறுப்பெழுதவும் இடமளித்தல் பெருஞ் செலவு வேண்டாத முயற்சியே. ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மாணவனின் எழுத்தை ஒருங்கிருந்து நோக்குதல் அதற்கு முதற்படியாகும். பாடநூல்களின் ஓரங்களில் இன்று எழுதப்படுவன யாவை என்பதும் தொகுத்து ஆராயத்தக்கது.