சுமைக்கென்றே பிறந்த லாரிகள்

கன்டெய்னர் லாரி என்பது உண்மையில் இரண்டு வண்டிகள். இன்ஜினும் ஓட்டுநரும் இருக்கும் இழுவை வண்டி முன்னால் போகிறது. அதன் முதுகில் ஒரு முனையைச் சாய்த்தபடி டிரெய்லர் பின்னால் வருகிறது. உலகச் சரக்குப் போக்குவரத்தைத் தாங்கும் இந்த அமைப்பை பிரிட்டனில் நிலைநாட்டிய பெருமை, லாரி உலகத்துக்கு வெளியே இன்று பலரும் அறியாத ஒரு நிறுவனத்துக்கு உரியது. அதன் பெயர் ஸ்கேமல்.

லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், ஃபேஷன் தெருவில் 19-ம் நூற்றாண்டில் குதிரை வண்டிகளுக்குச் சக்கரம் செய்துகொடுத்த குடும்பம் அது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாடிக்கையாளர்களின் நீராவி லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையாக மாறியிருந்தது. முதல் உலகப்போரில் காயமடைந்து ராணுவத்திலிருந்து திரும்பிய ஆல்ஃபிரட் ஸ்கேமல், போர்முனையில் பெற்ற அனுபவத்தைத் தொழிலில் இறக்கினார். வடிவமைப்பாளர் பெர்சி ஹியூ துணை நின்றார். இருவரும் சேர்ந்து இழுவை வண்டியும் டிரெய்லரும் இணைந்த ஆறு சக்கர லாரி ஒன்றை உருவாக்கினார்கள்.

அதன் வெற்றிக்கு அன்றைய சட்டமும் ஒரு காரணம். ஒரு அச்சின் மீது விழும் பாரத்தைப் பொறுத்தே லாரி எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று பிரிட்டிஷ் விதிகள் சொல்லின. பாரத்தை மூன்று அச்சுகளுக்குப் பிரித்துக்கொடுத்ததால், ஸ்கேமல் லாரி ஏழரை டன் சரக்குடன் மணிக்கு 12 மைல் வேகத்தில் சட்டப்படியே ஓட முடிந்தது. 1920 வணிக வாகனக் கண்காட்சியில் 50 லாரிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. பழைய பட்டறையில் அவ்வளவையும் கட்ட இடம் ஏது? 1922-ல் ஸ்கேமல் லாரீஸ் என்ற புது நிறுவனம் பிறந்தது. லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்டின் டோல்பிட்ஸ் லேனில் தொழிற்சாலை எழுந்தது.

அடுத்து வந்த வண்டிகளைப் பார்த்தால் இந்த நிறுவனத்தின் குணம் புரியும். 1929-ல் 100 டன் சுமக்கும் லாரிகள் இரண்டு தயாராயின. மொத்தமே இரண்டுதான். லிவர்பூல் துறைமுகத்தில் கப்பலேற வேண்டிய ரயில் இன்ஜின்களையே சாலை வழியாகச் சுமந்தவை அவை. நீண்ட டிரெய்லரின் பின்சக்கரங்களைத் திருப்புவதற்கென்றே வால்பகுதியில் தனியாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெட்ரோல் இன்ஜினின் திறன் சுமார் 80 குதிரைத்திறன். இன்றைய சிறிய காரின் இன்ஜினுக்குச் சமம். மிகத் தாழ்ந்த கியர்களை வைத்து, நடைவேகத்தில் ஊர்ந்தே அவ்வளவு பாரத்தையும் அவை நகர்த்தின.

இதற்கு நேர் எதிர் முனையில் நிற்பது ‘மெக்கானிக்கல் ஹார்ஸ்’, அதாவது இயந்திரக் குதிரை. பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்கள் நிலையத்திலிருந்து கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோக அப்போதும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வைத்திருந்தன. குறுகிய சந்துகளிலும் சரக்கு முற்றங்களிலும் குதிரை வண்டி திரும்புகிற அளவுக்கு லாரியால் திரும்ப முடியவில்லை. நேப்பியர் நிறுவனம் தொடங்கி வைத்த ஒரு வடிவமைப்பை ஸ்கேமல் வாங்கியது. ஆலிவர் டான்சன் நார்த் என்ற பொறியாளர் அதைச் செப்பனிட்டு முடிக்க, 1930-களின் தொடக்கத்தில் மூன்று சக்கரக் குட்டி இழுவை வண்டி வெளிவந்தது.

அதன் உயிர் இணைப்பில் இருந்தது. ஓட்டுநர் வண்டியைப் பின்னோக்கி டிரெய்லருக்கு அடியில் செலுத்தினால் போதும். கொக்கி தானே பூட்டிக்கொள்ளும், டிரெய்லரின் முன்தாங்கு சக்கரங்கள் தாமே மடங்கிக்கொள்ளும். ஒரு டிரெய்லரில் சரக்கு ஏற்றும்போது, இன்னொன்றில் இறக்கும்போது, மூன்றாவதை அந்த ஒரே வண்டி இழுத்துக்கொண்டிருக்கும். பிரிட்டனின் பெரிய ரயில் நிறுவனங்கள் இதை வாங்கிக் குவித்தன. பிரான்சிலும் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். 1948-ல் ‘ஸ்காரப்’ என்ற மேம்பட்ட வடிவம் வந்தது. 1960-கள் வரை பிரிட்டிஷ் நகரங்களின் அன்றாடக் காட்சி அது.

நார்த்தின் இன்னொரு சாதனை 1927-ல் வந்த ‘பயனீர்’. எண்ணெய் வயல்களையும் சாலையே இல்லாத நிலங்களையும் மனதில் வைத்து உருவாக்கிய ஆறு சக்கர வண்டி அது. பின்பக்கம் ஒரே அச்சு. அதன் இரு முனைகளிலும் ஏற்றப்பலகை போல மேலும் கீழும் ஆடும் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரங்கள். இயக்கம் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகச் சக்கரத்தை அடையும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றவை தரையை விடாது. இரண்டாம் உலகப்போரில் கார்ட்னர் டீசல் இன்ஜினுடன் இந்த வண்டி பீரங்கிகளை இழுத்தது, டாங்கிகளைச் சுமந்தது, பழுதாகி நின்றவற்றை கிரேன் வைத்துத் தூக்கி மீட்டது. முன்சக்கரங்களுக்கு இயக்கம் கிடையாது என்பது அதன் குறை. போருக்குப் பின் வந்த ‘எக்ஸ்ப்ளோரர்’ ஆறு சக்கரங்களையும் இயக்கி அதைத் தீர்த்தது.

1955-ல் லேலண்ட் மோட்டார்ஸ் ஸ்கேமலை வாங்கியது. சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸில் பங்கு சேர்ந்து அதை அசோக் லேலண்ட் ஆக்கியதும் இதே லேலண்ட்தான், அதே ஆண்டில்தான். ஆரம்பத்தில் ஸ்கேமலுக்கு இந்த உறவு நல்லதாகவே அமைந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிகெலாட்டி வரைந்த அழகான கண்ணாடி இழை கேபின்கள் வந்தன. 1964-ல் வந்த ‘கான்ட்ராக்டர்’ மொத்தம் 240 டன் வரை இழுக்கும் வல்லமை கொண்டது. மின்நிலையங்களுக்குப் போகும் ராட்சத டிரான்ஸ்பார்மர்களை பிக்ஃபோர்ட்ஸ், வின்ஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைக் கொண்டே நகர்த்தின.

சிக்கல் மேலிடத்தில் இருந்தது. 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற மாபெரும் கூட்டு நிறுவனம் உருவானது. கார்களில் அது கண்ட நஷ்டம் எல்லாப் பிரிவுகளையும் இறுக்கியது. போட்டியாளராக இருந்த தார்னிக்ராஃப்டின் சிறப்பு வாகனத் தயாரிப்பும் வாட்ஃபோர்டுக்கு மாற்றப்பட்டது. வாட்ஃபோர்டுக்கு வேலை இல்லாமல் போகவில்லை. 1980-களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ‘கமாண்டர்’ என்ற டாங்கி சுமக்கும் வண்டிகள் 125 தயாராயின. 625 குதிரைத்திறன் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் டீசல் இன்ஜின், 65 டன் சுமை. இப்படிப்பட்ட வண்டியை எண்ணிக்கையால் மதிப்பிட முடியாது. ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் விற்றோம் என்று கணக்குப் போடும் நிர்வாகத்துக்கு அது பிடிபடவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1987-ல் லேலண்டின் லாரிப் பிரிவு நெதர்லாந்தின் டாஃப் நிறுவனத்துடன் இணைந்தது. அசோக் லேலண்டில் லேலண்ட் வைத்திருந்த பங்கும் அதே ஆண்டு இந்துஜா குழுமத்துக்கும் இவெகோவுக்கும் கைமாறியது. எண்ணூர் தொடர்ந்து வளர்ந்தது. வாட்ஃபோர்டு 1988 ஜூலையில் மூடப்பட்டது. சில வாகனங்களின் உரிமையை யுனிபவர் நிறுவனம் வாங்கிச் சில காலம் தயாரித்தது. டோல்பிட்ஸ் லேன் நிலத்தில் வீடுகள் வந்தன.

மூன்றே ஆண்டுகளில், 1991 வளைகுடாப் போரில், பிரிட்டனின் சேலஞ்சர் டாங்கிகளைப் பாலைவனத்தில் சுமந்து சென்றவை வாட்ஃபோர்டில் உருவான கமாண்டர்கள். அமெரிக்காவின் ஆஷ்காஷ் வண்டிகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடிக்க 2000-களின் தொடக்கம் வரை ஆனது.