பெயர்த்து நட்ட கிராமம்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை, 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. ஸ்வீடனில் 1891-இல் தொடங்கிய ஸ்கான்சென்தான் இவ்வகைத் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு முன்னோடி.

சுமார் பத்து ஏக்கரில் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் நிற்கின்றன. வளாகத் திட்டம் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, உத்திரம், தூண், கதவு எனப் பிரித்து, லாரியில் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். கேரளத்து மரவீடுகளுக்கு இது ஒத்துவரும். புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல்லறை வாசலருகிலேயே இருக்கிறது. செல்வம் நெல்லாக இருந்த காலத்தின் பெருமை அது. ஆனால் மரத்தைப்போல மண்சுவரைப் பெயர்க்க முடியாது, புதிதாகத்தான் எழுப்ப வேண்டும்.

ஆந்திராவின் ஸ்ரீ சிட்டி, திருப்பதிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஆந்திரப் பகுதியைத் தவறவிடக் கூடாது. விசாகப்பட்டினக் கரையோரத்து வட்டவீடு அங்கே இருக்கிறது. மூலையில்லாத சுவரைப் புயல்காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். தாழ இறங்கும் ஓலைக்கூரை மழைச்சாரலிலிருந்து மண்ணைக் காக்கும். இப்போது தெலங்கானாவில் உள்ள நல்கொண்டாவின் நெசவாளர் வீட்டில் தறிக்குத்தான் முதல் இடம், ஆட்களுக்கு மிச்சம். தஞ்சைப் பகுதி விவசாயி வீடும், காஞ்சிபுரம் நெசவாளர் வீடும், செட்டிநாட்டு வணிகர் வீடும் தமிழ்நாட்டுப் பகுதியில் உள்ளன. குயவர், கூடை முடைவோர் போன்ற கைவினைஞர்களின் வேலையையும் வளாகத்திலேயே பார்க்கலாம்.