மார்க்கெட்டிங் பட்டம்: எங்கே செலவழிக்கலாம், எங்கே கூடாது?

பி.யு.சி. (பிளஸ் டூ) ரிசல்ட் வந்ததும் பெங்களூரில் விவேக் நகர், ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். காமர்ஸ் முடித்த பிள்ளையை பி.காமில் போடுவதா, 'பி.பி.ஏ. மார்க்கெட்டிங்' என்று விளம்பரம் செய்யும் கல்லூரியில் லட்சங்கள் கட்டிச் சேர்ப்பதா? கையில் அவ்வளவு பணம் இல்லாத வீடுகளுக்கு என் பதில் இது: விற்பனை வேலைக்காக மட்டும் என்றால், முதல் பட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டாம்.

காரணம் எளிது. வங்கி, இன்சூரன்ஸ், மொபைல் கடை, மருந்து, ஆன்லைன் வகுப்பு என எந்தத் துறையிலும் விற்பனைப் பிரிவின் முதல் படிக்குப் பெரும்பாலும் 'ஏதாவது ஒரு டிகிரி' போதும். மருந்து கம்பெனிகள் மட்டும் அறிவியல் படித்தவர்களை விரும்பும். நேர்முகத்தில் பார்ப்பது பேச்சு, வெயிலில் அலையும் தெம்பு, டார்கெட்டைக் கண்டு மிரளாத மனசு. இன்னொன்றும் உண்டு. விவேக் நகரில் வளர்ந்த பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், பாதிப் பேருக்கு இந்தியோ தெலுங்கோ கூடவே வரும். தென்னிந்தியாவில் சரக்கு விற்கும் கம்பெனிக்கு அதன் மதிப்பு தெரியும். எந்தக் கல்லூரியும் மூன்று ஆண்டில் அதைக் கற்றுக்கொடுத்துவிட முடியாது.

மார்க்கெட்டிங் வேறு சங்கதி. பிராண்டை வளர்ப்பது, விளம்பரச் செலவை முடிவு செய்வது, வாடிக்கையாளர் கணக்குகளை அலசுவது எல்லாம் அதில் வரும். பெரிய கம்பெனிகள் இந்த நாற்காலிகளுக்குப் பெரும்பாலும் முன்னணி எம்.பி.ஏ. கல்லூரிகளிலிருந்தே ஆள் எடுக்கின்றன. அப்படி எடுத்தவர்களையும் முதலில் விற்பனைக் களத்துக்குத்தான் அனுப்புகிறது இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற நிறுவனம். ஆக, பி.பி.ஏ.வில் 'மார்க்கெட்டிங்' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அந்தக் கதவு திறக்காது.

கல்லூரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஓசூர் ரோட்டில் கிறைஸ்ட், பிரிகேட் ரோட்டில் செயின்ட் ஜோசப் காமர்ஸ் கல்லூரி, பெண்களுக்குக் கோரமங்களாவில் ஜோதி நிவாஸ். அரசுக் கல்லூரியில் சில ஆயிரத்தில் முடிவது, தனியார் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கே லட்சத்தைத் தாண்டும். தொலைநிலையில் படிக்கும் இக்னோ பல்கலைக்கழகத்தின் பி.காம். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 20,000 ரூபாய்க்குள் அடங்கும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்துவிட்டது. ஆனால் தொலைநிலையில் கேம்பஸ் இன்டர்வியூவைப் பெரிதாக நம்ப முடியாது. வேலையைப் பெரும்பாலும் நீங்களேதான் தேட வேண்டும்.

எம்.பி.ஏ.வுக்கு வருவோம். பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கும் ஐ.ஐ.எம். பெங்களூரில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 24 லட்சத்துக்கும் மேல். கேட்கவே தலை சுற்றும். ஆனாலும் அங்கே இடம் கிடைத்தவருக்குக் கடன் பயம் வேண்டாம், சம்பளம் அதைச் சுமக்கும். சிக்கல் எல்லாம் நடுத்தரக் கல்லூரிகளில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 8 லட்சம், 11 சதவீத வட்டி, ஏழு ஆண்டில் அடைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 13,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. மாதம் 20,000 சம்பள வேலையை விட்டுப் படிக்கப் போனால் இரண்டு ஆண்டில் இழக்கும் வருமானம் 4,80,000. அதே வேலையில் இருந்திருந்தால் சம்பளம் 25,000 ஆகியிருக்கும், எம்.பி.ஏ. முடித்ததும் 35,000 கிடைக்கிறது என்றால், கூடுதல் வரவு 10,000தான். அது தவணைக்கே போதாது. பின்னால் சம்பளம் வேகமாக ஏறினால்தான் இந்தக் கணக்கு நேராகும். அந்த ஏற்றம் எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது.

கல்லூரிக்காரர் சொல்லும் 'அதிகபட்ச பேக்கேஜ்' யாரோ ஒருவருக்குக் கிடைத்தது. சென்ற ஆண்டு எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வரிசையில் நடுவில் நிற்கும் மாணவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். சி.டி.சி. என்று சொல்லும் மொத்தத் தொகையில் இன்சென்டிவ் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். டார்கெட் தவறிய மாதம் இன்சென்டிவ் வராது, தவணை மட்டும் வரும்.

கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.ஏ. இடங்களுக்கு பி.ஜி.சி.இ.டி. தேர்வு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே படித்த ஆண்டுகள் பற்றிய விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பி.பி.ஏ. படிப்பு 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்திருக்கிறது. கல்லூரியிடம் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

குறைந்த செலவில் ஒரு பட்டம், கூடவே இரண்டு மூன்று ஆண்டு விற்பனை அனுபவம், பிறகு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும் எம்.பி.ஏ. பெரும்பாலான வீடுகளுக்கு இந்த வரிசைதான் கட்டுப்படியாகும்.