பனிமலைச் சட்டிகள்

நெடுவழி செல்வார்க்கு நிழலும் நீரும் இரவில் தங்க இடமும் அமைத்தலைத் தமிழ்நாட்டார் பேரறமாகப் போற்றினர். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலுக்கோ பாகூர் மூலநாதர் கோயிலுக்கோ நடந்து செல்வோர், வயலும் ஏரியும் சூழ்ந்த சமவெளியில் எளிதிற் செல்வர். தங்குமிடம் கிட்டாவிடினும் மரத்தடியிற் படுத்து இரவைக் கழிக்கலாம். பனிமலை வழியிலோ, இரவில் கூரையின்றிக் கிடப்பவன் விடியலைக் காண்பது அரிது. அங்குத் தங்குமிடம் என்பது உயிர்நிலையே ஆகும்.

இமயத்திலுள்ள கேதாரமும் வதரியும் தமிழர்க்குப் புதியன அல்ல. கேதாரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடினர். பத்ரிநாதம் எனப்படும் வதரியைப் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடினர். கேதாரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்திலும், வதரி ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆண்டிற் பாதி பனி மூடுதலின், கோடையில் திறக்கப்பெறும் திருக்கோயில்கள் குளிர்காலத் தொடக்கத்தில் அடைக்கப்பெறும்.

மோட்டார்ச் சாலை அமையாத காலத்தில் அடியார்கள் இருசிகேசத்திலிருந்து கங்கைக் கரையைப் பற்றிப் பல நாள் நடந்தனர். அவ்வழியில் சில கிலோமீட்டருக்கு ஒன்றாகத் தங்கல்கள் இருந்தன. அவற்றை வடநாட்டார் 'சட்டி' என்பர். தமிழில் மட்கலத்தைக் குறிக்கும் சொல் வேறு; இது வேறு. கல்லாலும் மரத்தாலும் எழுப்பிய, முன்புறம் திறந்த நீண்ட கொட்டகையே சட்டியாகும்.

சட்டிக்காரர் அரிசி, கோதுமை மா, பருப்பு, நெய் ஆகியவற்றை விற்பார். அவரிடம் பண்டம் வாங்குவோர்க்குத் தங்குதற்குக் கூலியில்லை. சமைக்கும் கலங்களும் இரவலாகக் கிடைக்கும். ஆதலின் அடியார்கள் பெருஞ்சுமை தூக்கவேண்டுவதில்லை. வைகறையில் எழுந்து நடப்பர். வெயில் ஏறுமுன் ஒரு சட்டியை அடைந்து சமைத்துண்டு இளைப்பாறுவர். மாலையில் அடுத்த சட்டிக்குச் செல்வர். வழித்துணையாகப் பண்டாக்கள் அமைந்தனர். நடக்கவியலாத முதியோரைக் 'கண்டி' என்னும் கூடையில் அமர்த்தி முதுகிற் சுமந்தனர் மலைமக்கள். காளி கமலிவாலா எனப் பெயர்பெற்ற துறவி, ஏழை அடியார்க்கு இலவசமாக உணவும் உறையுளும் கிடைக்க அறநிலையம் கண்டார்.

எனினும் இடர்கள் பல. மக்கள் நெருங்கித் தங்கியமையால் வாந்திபேதி பரவியதுண்டு. 1918ஆம் ஆண்டு முதல் 1926ஆம் ஆண்டு வரை உருத்திரப்பிரயாகைப் பகுதியில் ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்று திரிந்தது. அரசுக் கணக்கின்படி அதற்கு இரையானோர் 125 பேர். கதவில்லாச் சட்டிகளில் துயின்றோர் பட்ட அச்சம் சொல்லுந்தரத்ததன்று. ஈற்றில் சிம் கார்பெட் என்னும் வேட்டைவல்லார், 1926ஆம் ஆண்டு மே திங்களில், குலாப்ராய் என்னுமிடத்துத் தங்கலின் அருகே மாமரத்தின்மீது காத்திருந்து அதனைச் சுட்டு வீழ்த்தினார்.

ஐரோப்பாவின் ஆல்ப்சு மலையிலும் இத்தகைய முறையுண்டு. பிரான்சு நாட்டுச் சமோனியிலிருந்து சுவிட்சர்லாந்து நாட்டுச் செர்மாட் வரை, நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டி, குடிலிலிருந்து குடிலுக்கெனப் பல நாள் பனிமேற் செல்வர். வெயிலில் பனி இளகிச் சரியும் ஆதலின், அவரும் வைகறையிலேயே புறப்படுவர்; பனிப்பிளவை அறிந்த வழிகாட்டியின் சொல்லைக் கடவார். அவர் செல்வது விளையாட்டு. அடியார் சென்றது வழிபாடு. ஆயினும் இருவரையும் காப்பன கூரையும் வழித்துணையுமே.

1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின்னர் எல்லைப்புறச் சாலைகள் விரிந்தன; பேருந்து வதரிக்கே சென்றது. நடைவழிச் சட்டிகள் பல ஆளற்று அழிந்தன. அனுமான் சட்டி, சானகி சட்டி என ஊர்ப்பெயர்களாகச் சில நிலைத்தன. கேதாரத்திற்குக் கௌரிகுண்டத்திலிருந்து செல்லும் நடைவழி மட்டும் தொடர்ந்தது. அவ்வழியிலிருந்த இராம்பாரா என்னும் தங்கலை 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் மந்தாகினியின் வெள்ளம் அடியோடு வாரிச் சென்றது. பின்னர் ஆற்றின் மறுகரையில் புதுவழி அமைத்தனர்.

கால்வலிமை ஒன்றே மலையைக் கடப்பிப்பதன்று. முன் சென்றோர் எழுப்பிய கூரையும், வழியறிந்தோர் கூறும் சொல்லும், சுமப்போர் தோளும் கூடியே ஒருவனை உச்சியிற் சேர்க்கின்றன. அவற்றை மறவாதவனே நல்ல வழிப்போக்கன் ஆவான்.