புது வீட்டில் பழைய அம்மி

திருமங்கலம் பக்கத்துக் காதணி விழாப் பத்திரிகை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தாய்மாமன்மார், பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒரு பெயர் விட்டுப் போனால் உறவே விட்டுப் போகும்! அட்டை சிவகாசியிலிருந்து வந்துவிடும். பெயர்களைக் கோத்து அழகாக அமைப்பது உள்ளூர் டி.டி.பி. மேஜைதான். பல இடங்களில் அந்த மேஜை முன் அமர்ந்திருப்பவர் ஒரு பெண்மணி. அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் நடக்கிறது.

அவர் கைக்குப் பழகிய கருவி ‘பேஜ்மேக்கர்’. 1985-ல் ஆல்டஸ் கம்பெனி வெளியிட்டது. 1994-ல் அடோபி வசம் போயிற்று. ஏழாம் பதிப்பு வந்தது 2001-ல். அதற்கப்புறம் புதுப் பதிப்பே இல்லை. ஆனாலும் நம் ஊர் அச்சகங்கள் பல அதை விட்டபாடில்லை. கை பழகிய அரிவாள்மணையை யார்தான் தூக்கி எறிவார்கள்?

வினை வேறு பக்கமிருந்து வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். முகூர்த்தம் நெருங்கும் சமயத்தில் பேஜ்மேக்கர் திறக்க மறுத்தால், வயிற்றில் புளியைக் கரைக்காதா?

பதறாதீர்கள், அம்மணி! பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றியிருந்து, பத்து நாள் ஆகாமலும் இருந்தால், ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரிகவரி’க்குள் திரும்பிப் போக வழி உண்டு.

அது தாண்டிவிட்டதா? பேஜ்மேக்கர் சின்னத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்டீஸ்’, பிறகு ‘கம்பாட்டிபிலிட்டி’ என்று போங்கள். அங்கே விண்டோஸ் எக்ஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கும் கட்டத்திலும் குறியிடுங்கள். பல சமயம் இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

வராவிட்டால் ‘வர்ச்சுவல்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. புது வீட்டுக்குள்ளேயே பழைய சமையலறையை அப்படியே கட்டித் தருவது போல, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை அமைக்கும். நீங்கள் முறைப்படி வாங்கிய பழைய விண்டோஸை அதில் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு இணையத் தொடர்பு மட்டும் கொடுக்காதீர்கள். காவலில்லாத வீட்டுக் கதவைத் திறந்து வைத்த கதையாகிவிடும்.

பேஜ்மேக்கர் திறந்துவிட்டது, ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறதா? கோளாறு எழுத்துருவில். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் குடிவைத்தவை. ‘பாமினி’யில் ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’ உட்கார்ந்திருக்கும். வேறு எழுத்துருவில் இடம் மாறும். அந்த எழுத்துருவையே மறுபடி நிறுவினால்தான் தமிழ் தெரியும். ஆகவே மென்பொருள், எழுத்துரு, கோப்பு மூன்றையும் சேர்த்தே பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பிரயோஜனம் கொஞ்சம்தான்.

பேஜ்மேக்கரே கிடைக்காமல் போனாலும், ‘லிப்ரே ஆபீஸ்’ தரும் இலவச ‘டிரா’ பழைய கோப்புகளைத் திறக்கும். அமைப்பு சற்றுக் கலையலாம். உள்ளே இருக்கும் எழுத்துகளை எடுத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் காலம் தள்ளும் உபாயங்களே. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. வேலை குறைந்த ஆடி மாதத்தில், அடிக்கடி தேவைப்படும் பெயர்ப் பட்டியல்களை ‘என்.எச்.எம். கன்வர்ட்டர்’ போன்ற மாற்றிகளால் யூனிகோடாக்கி, ஒரு முறை ஒப்பிட்டுப் படித்து வையுங்கள். முடிந்த வேலைகளுக்கு பி.டி.எப். பிரதியும் எடுத்து வையுங்கள்.

தாய்மாமன் பெயர் விட்டுப்போனதற்குக் கம்ப்யூட்டரைக் காரணம் சொன்னால், திருமங்கலத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?