ஓட்டுநர் உறங்கினாரா?



ஏப்ரல் மாதத்தில் பிள்ளைகளின் தேர்வுகள் முடிந்துவிட்டால், தாராவியில் வாழும் நம்முடைய குடும்பங்களில் ஒரே பேச்சுதான். ஊருக்கு எப்பொழுது போகிறோம்? எப்படிப் போகிறோம்? நாங்குநேரி, வள்ளியூர், இராதாபுரம், சாத்தான்குளம் என்று நம் பெற்றோர் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள் அந்நாட்களில் 90 அடிச் சாலையின் தேநீர்க் கடைகளிலும் ஒலிக்கும். இரயிலில் இடம் கிடைத்தவர்கள் அமைதியாயிருப்பார்கள். கிடைக்காதவர்களோ, "நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வண்டி பிடித்துவிடலாமே" என்பார்கள்.

இரயிலா, வாடகை வண்டியா? இது பணத்தையும் வசதியையும் மட்டும் சார்ந்த கேள்வி என்றே நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அப்படியன்று என்பதை ஒரு மரணம் எனக்குக் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் உறவினரோடு சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தினார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுமுன் ஜெபிக்கும்படி என்னை அழைத்தார்கள். வண்டியின் முன்பக்கத்தில் கையை வைத்து ஜெபித்தேன். பிள்ளைகள் கையசைத்தார்கள். ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்த ஆச்சி, "பாஸ்டர் ஐயா, வரும்போது கருப்பட்டி கொண்டுவாரேன்" என்றார்கள். மறுநாள் அதிகாலை மூன்றரை மணியளவில், கிருஷ்ணகிரியைக் கடந்த சிறிது தூரத்தில், சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் அந்த வேன் மோதிற்று. ஆச்சி அந்த இடத்திலேயே மரித்தார்கள். பேரன் ஒருவனுக்குக் கால் முறிந்தது.

பின்னர்தான் விவரம் தெரியவந்தது. அந்த ஓட்டுநர் முந்தின நாள் சீரடிக்கு ஒரு சவாரி போய்விட்டு, நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குத்தான் வீடு திரும்பியிருந்தார். மூன்று மணி நேரங்கூட உறங்காமல் எங்கள் தெருவுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். அவரைக் குற்றப்படுத்த என் மனம் ஒப்பவில்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கிடைத்த சவாரியை விட்டுவிட்டால் அடுத்தது எப்பொழுது வருமென்று அவருக்குத் தெரியாது. அடக்கத்திற்குப் பின் ஆச்சியின் மகன் என்னிடம், "ஐயா, டிரைவர் தூங்கினாரா என்று நம்மில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே" என்றார். வண்டிக்காக ஜெபித்த நானும் கேட்கவில்லை. அந்த வார்த்தை இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

குடித்தவரும் உறங்காதவரும்

நாம் குடித்தவர் ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டோம். மது வாடை வந்தாலே பிள்ளைகளை இறக்கிவிடுவோம். ஆனால் உறங்காதவர் ஓட்டுகிற வண்டியில் ஸ்தோத்திரம் சொல்லி ஏறிக்கொள்ளுகிறோம். இவ்விரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு உண்டு?

1997-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கவனமும் கைத்திறனும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்று கண்டார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராமுக்கு ஒப்பாகிறது. நம்முடைய நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 30 மில்லிகிராம் மாத்திரமே. மது அருந்தினவரைக் காவலர் ஊதச்சொல்லிக் கண்டுபிடிப்பார். உறக்கத்தைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு கருவி சாலையில் இல்லை. பயணிகளாகிய நாம்தான் கேட்டறிய வேண்டும்.

இனி தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். தாராவியிலிருந்து புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நில்லாமல் ஓட்டினாலும் சுமார் 27 மணி நேரம் ஆகும். கண்டாலா மலைப்பாதையும், சாத்தாராவுக்கு அருகே கம்பாட்கி மலைப்பாதையும், விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயும் வழியில் உள்ளன. போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென 1961-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வரையறுத்தது. அந்த அளவின்படி ஒரே ஓட்டுநர் ஓட்டினால் இப்பயணத்திற்கு மூன்று நாட்களுக்கு மேல் ஆகவேண்டும். நாமோ, "நாளைக்குக் காலையில் ஊரில் காப்பி குடிக்கலாம்" என்று பேசிக்கொள்ளுகிறோம். அந்தக் காப்பிக்காக ஒரு மனிதன் ஓர் இரவு முழுவதும் கண்விழிக்க வேண்டியிருக்கிறது.

இரயிலிலே காரியம் வேறு. இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் வழியில் பலமுறை மாறுகிறார்கள். ஒருவர் தம் பங்கை முடித்து இறங்க, ஓய்வெடுத்த மற்றொருவர் ஏறுகிறார். நீங்கள் மேல் படுக்கையில் உறங்கும்போது இது உங்களுக்குத் தெரிவதே இல்லை. பயணச்சீட்டின் விலையில் அந்த ஓய்வும் அடங்கியிருக்கிறது.

பணக் கணக்கு

"வண்டியில் போனால் செலவு பகிர்ந்துகொள்ளலாம், மலிவுதானே?" என்கிறீர்களா? வாடகை வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் போவதற்கு மட்டுமல்ல, திரும்புவதற்கும் உண்டு. நீங்கள் ஊரில் இறங்கிவிட்டாலும் வண்டி வெறுமையாய் மும்பைக்குத் திரும்பவேண்டும். 1,600-ஐ இரட்டித்தால் 3,200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 48,000 ரூபாய். அதற்குமேல் சுங்கச்சாவடிக் கட்டணம், ஓட்டுநர் படி, வழியில் சாப்பாடு. இதெல்லாம் ஒருவழிப் பயணத்திற்கே. இரயிலில் படுக்கை வகுப்பில் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆறு பேர் போய்வர 12,000 ரூபாய்க்குள் அடங்கும். வேன் நிறைய ஆட்களை ஏற்றினால்தான் கணக்கு நெருங்கிவரும். அப்படி ஏற்றும்போது பிள்ளைகள் மடியிலும் மூட்டைகளின் மேலும் உட்காருகிறார்கள்.

இரயிலின் பாடுகளும் பரிகாரமும்

இரயிலில் பாடு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மும்பையிலிருந்து புனே, சோலாப்பூர், குண்டக்கல், மதுரை வழியாக நாகர்கோவில் செல்லும் விரைவு இரயிலும், தாதரிலிருந்து ஹூப்ளி, பெங்களூரு வழியாகத் திருநெல்வேலி செல்லும் விரைவு இரயிலும் நம் மக்கள் நன்கு அறிந்தவை. இவை தினமும் ஓடுவதில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் கழியவேண்டும். மே மாத வெயிலில் படுக்கை வகுப்புப் பெட்டி அடுப்பைப்போல் கொதிக்கும். ஆனாலும் முன்னதாகவே திட்டமிடுகிறவர்களுக்குப் பாதிப் பாடு குறைந்துவிடும்.

முன்பதிவு 120 நாட்களுக்கு முன் தொடங்கிய காலம் மாறிவிட்டது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. மே 10 அன்று புறப்பட வேண்டுமானால் மார்ச் 11 காலை எட்டு மணிக்கு ஆயத்தமாயிருங்கள். திரும்பும் பயணத்திற்கும் அவ்வாறே நாள் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பதிவு தொடங்கும் நேரத்திலும், தட்கால் பதிவிலும் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு வேண்டும். அதைப் பயண நாளுக்கு வெகுமுன்னரே செய்துவிடுங்கள்.

60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே சீட்டில் பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். ஆகவே அப்பா அம்மாவுக்கு மட்டும் தனிச் சீட்டாக எடுங்கள். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்புப் பட்டியல் சீட்டை நம்பி மூட்டை கட்டாதிருங்கள். கடைசி நாளில் அது உறுதியாகாமற் போகும்போதுதான் நாம் கண்ணை மூடிக்கொண்டு வேன் பிடிக்க ஓடுகிறோம்.

வண்டிதான் வேண்டும் என்றால்

வண்டி தவிர வேறு வழியில்லாத வேளைகளும் உண்டு. படுத்த படுக்கையாயிருக்கும் தகப்பனை ஊருக்குக் கொண்டுபோகவேண்டும். துக்கச் செய்தி வந்துவிட்டது, மறுநாள் அடக்கம். துக்கத்தில் புறப்படும் பயணமே எல்லாவற்றிலும் ஆபத்தானது. அழுதுகொண்டிருக்கிறவர்கள் ஓட்டுநரைக் கவனிப்பதில்லை. திருவனந்தபுரம்வரை விமானத்தில் ஓரிருவர் முந்திப்போக முடியுமா என்று முதலாவது பாருங்கள். முடியாவிட்டால் இவற்றைக் கட்டாயமாய்ச் செய்யுங்கள்.

இரண்டு ஓட்டுநர்களைக் கேளுங்கள். இரண்டாமவருக்கான கூலியை நாலு குடும்பமும் பகிர்ந்துகொண்டால் பெரிதாகத் தெரியாது. ஒருவரே கிடைத்தால் வழியில் ஓர் இரவு தங்குங்கள். அவருக்கும் படுக்க ஒரு கட்டில் கொடுங்கள். நள்ளிரவுக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் நடுவே வண்டி ஓடவேண்டாம். மஞ்சள் போர்டு வண்டியையே எடுங்கள். தெரிந்தவருடைய வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டத்திற்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க இடமுண்டு. பின் இருக்கையிலும் பெல்ட் அணியுங்கள். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மரித்த விபத்தில், பின்னால் அமர்ந்திருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. அவர் சென்றது விலையுயர்ந்த கார்தான்.

நெடுந்தூரத்தை இரயிலில் கடந்துவிட்டு, திருநெல்வேலியில் இறங்கியபின் அங்கேயே ஒரு காரை நாள் வாடகைக்கு எடுப்பது நல்லது. சொந்தக்காரர் வீடுகளையெல்லாம் பகலிலே சுற்றிவரலாம். ஓட்டுநரும் இரவில் தம் வீட்டில் உறங்குவார். நெடுந்தூரம் இரயிலுக்கு, குறுந்தூரம் காருக்கு என்பதே நான் எல்லாருக்கும் சொல்லும் ஆலோசனை.

கடல் கடந்து செல்வோருக்கு

இன்று நம் சபைப் பிள்ளைகள் வளைகுடாவிலும், மலேசியாவிலும், ஜெர்மனியிலும் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கும் இதே கேள்வி எழுகிறது. அங்கே பெரும்பாலும் ஓட்டுநர் நம் மகனோ மருமகனோதான். பெற்றோரோடு சேர்ந்து மும்பையிலிருந்து எட்டு, ஒன்பது மணி நேரம் பறந்து ஜெர்மனியில் இறங்கியவுடன் வாடகைக் காரை எடுத்து ஓட்டுகிற மகனும் உறங்காத ஓட்டுநரே. அதிலும் அங்கே சாலையின் வலப்புறமாய் ஓட்டவேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் நம்மைப்போல் இடப்புறம்.

இந்திய உரிமத்தோடு வெளிநாட்டில் ஓட்ட விரும்புகிறவர்கள், ஓராண்டு செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றுச் செல்லவேண்டும். பிணைத்தொகைக்கு ஓட்டுகிறவர் பெயரிலேயே கடன் அட்டை வேண்டும் என்று வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும். ஜெர்மனியில் 12 வயதுக்கும் 150 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு அது கட்டாயம்.

இஸ்ரவேல் தேசத்திற்குச் செல்ல விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமான நிலையத்திலிருந்து எருசலேமுக்கு 2018-இல் விரைவு இரயில் தொடங்கிற்று. ஆனால் வெள்ளி பிற்பகல் முதல் சனி மாலை வரை ஓய்வுநாளை முன்னிட்டு இரயில்கள் ஓடுவதில்லை. கப்பர்நகூம் இருக்கும் கலிலேயாக் கடலோரத்திற்கோ இரயில் பாதையே இல்லை. அங்கே செல்லக் காரோ பேருந்தோ வேண்டும். அங்கும் இரயில் உள்ள தூரத்திற்கு இரயிலும், மீதித் தூரத்திற்குக் காரும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஜெபிக்குமுன் ஒரு கேள்வி

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்திருந்ததை நினைவுகூருங்கள். ஓரேபுக்கு நாற்பது நாள் பயணம் அவனுக்கு முன்னே இருந்தது. தேவதூதன் அவனை உடனே நடக்கச் சொல்லவில்லை. உண்ணச்செய்து, மறுபடியும் உறங்கவிட்டு, அதன்பின்பே அனுப்பினான்.

இப்பொழுதெல்லாம் பயணத்திற்கு ஜெபிக்க அழைக்கப்பட்டால், நான் முதலாவது ஓட்டுநரிடம் போய், "தம்பி, ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்கிறேன். ஒரு முறை ஓர் இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை ஐயா" என்றார். சபை மண்டபத்தில் மின்விசிறியைப் போட்டு அவருக்குப் பாய் விரித்துக் கொடுத்தோம். ஆறு மணி நேரம் உறங்கினார். புறப்பட ஆயத்தமாயிருந்த குடும்பத்தார் முதலில் என்மேல் வருத்தப்பட்டார்கள். பிற்பகலில் புறப்பட்டு, ஹூப்ளியில் தங்கி, நிதானமாய்ப் போனார்கள். மூன்றாம் நாள் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது: "பாஸ்டர் ஐயா, எல்லாரும் வந்து சேர்ந்துட்டோம்."

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலிருந்தும் அப்படியே செய்தி வரட்டும். வண்டியில் ஏறுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறவாதிருங்கள்.